நீலக் காது

ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. எந்த ஊரில் செய்த மெஷினாக இருந்தாலும் இதுதான் வழக்கம். கிராஃப் தாளிலும் அப்படியே. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. பதினாறு வருடமாக நான் இந்த இரண்டு நிறங்களோடுதான் வேலை செய்கிறேன். பெயர் பிரபாவதி. விழுப்புரத்தில் டாக்டர் சீனுவாசனின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேட்கும் திறனைச் சோதிப்பவள்.

என் தப்பைச் சொல்வதற்கு முன் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் தப்பு எங்கே ஒளிந்திருந்தது என்பது பிடிபடாது.

வருபவரைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துவோம். நடுவில் ஒரு கண்ணாடி. வெளியே மெஷினோடு நான். ஒரு ஒலியை அனுப்புவேன். கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் பத்துப் படி குறைப்பேன், தூக்காவிட்டால் ஐந்து படி கூட்டுவேன். இப்படி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, அவருக்குக் கேட்கிற கடைசிப் படி எது என்று கண்டுபிடிப்பேன். அதைத் தாளில் ஒரு புள்ளியாக வைத்துவிட்டு அடுத்த சுருதிக்குப் போவேன். லாரி உறுமுவது போன்ற தாழ்ந்த சுருதியில் தொடங்கி, காதோரம் கொசு வந்தது போன்ற எட்டாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும். புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் அந்தக் காதின் படம் கிடைத்துவிடும். கோடு பள்ளமாக இறங்குகிற இடத்தில் காது மந்தம்.

இதில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒருவருக்கு என்ன கேட்கிறது என்பது அவர் தலைக்குள் நடப்பது. அதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரே ஒரு விரல் அதை வெளியே கொண்டுவந்து தாளில் வைத்துவிடுகிறது. மறைக்க நினைப்பவர்கள்கூட முழுதாக மறைக்க முடியாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகச் செவிடாக நடிப்பவருக்கு ஒலி வரும்போது விரல் அசையாது, இமை அசையும். கேட்காததை மறைக்கப் பார்ப்பவர் காதை நம்பாமல் என் தோளைப் பார்ப்பார். நான் பொத்தானை அழுத்தும்போது தோள் லேசாக ஏறும், அதைப் பார்த்து விரலைத் தூக்கிவிடலாம். அதனால் தோள் அசையாமல் அழுத்தப் பழகிக்கொண்டேன்.

இவ்வளவும் தெரிந்தவள் என்பதால்தான் என் பாடு கஷ்டமாகிப் போனது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தேன். காய்ச்சல் போனது, இடது காதில் ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சீற்றம். ஒரு மதியம், கிளினிக் பூட்டியிருந்த நேரத்தில், மெஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்து என்னை நானே சோதித்துப் பார்த்தேன். தாழ்ந்த சுருதிகள் சரியாக இருந்தன. நாலாயிரத்துக்கு வந்ததும் நீலக் குறி பள்ளத்தில் இறங்கியது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன்னைத் தானே சோதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிற கை, ஒலி எப்போது வருகிறது என்பதைக் காதுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். கேட்காததும் கேட்டது போலிருக்கும். அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும் பள்ளம் பள்ளமாகத்தான் இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. காது கேட்காதவளிடம் காதைக் காட்ட யார் வருவார்கள்?

காது குறைந்தவர்களைப் பேச்சிலேயே கண்டுபிடிக்கலாம். எல்லோரும் சிரித்த பிறகு கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தப்பான திசையில் திரும்புவார்கள். முகத்தைச் சாய்த்து நல்ல காதைக் கொடுப்பார்கள். இந்தப் பட்டியலை வைத்துத்தான் நான் பிறரைப் பிடித்து வந்தேன். இப்போது அதே பட்டியலை வைத்து என்னைக் காவல் காத்தேன். ஷேர் ஆட்டோவில் எப்போதும் இடது ஓரத்தில்தான் உட்கார்வேன், மற்றவர்கள் வலப்பக்கம் வரட்டும் என்று. கிளினிக்கில் ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று சொல்லி மேஜையைத் திருப்பிப் போட்டேன். வாசல் என் வலது காதுக்கு வந்தது. யாராவது என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் போதும், அன்று முழுக்க என்ன தப்பாகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குள் மெஷினைச் சரிபார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி எங்களிடம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி ஆள் வந்து அளந்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் சோதிப்பவரின் காதுதான் கருவி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுருதியையும் மெல்லிய ஒலியில் சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் கேட்டுப் பார்த்து, ரிஜிஸ்டரில் டிக் போட வேண்டும். இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் நீலம் வலது காதுக்கு வந்துவிடும். இரண்டு பக்கத்தையும் நல்ல காதாலேயே கேட்டுவிடலாம். சோதனையில் ஒரு குறையும் வராது. என் குறையும் வெளியே தெரியாது. ஒன்றரை வருடத்துக்கு மேல் இது ஓடியது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அன்புச்செல்வி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். முன்பக்கம் டோக்கன் கொடுப்பவள் அவள்தான். வாய் சும்மா இருக்காது. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாக்கா, தூக்கத்துல காது ரெண்டும் இடம் மாறிக்கிச்சா? செவப்பு அந்தாண்ட இருக்குது."

வாசலில் நின்றிருந்த டாக்டர் டீயை உறிஞ்சியபடி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. நான் சிரித்துக்கொண்டே ஹெட்போனை நேராக மாட்டினேன்.

மறுநாளிலிருந்து நேராகவே மாட்டினேன். அறைக்குள் போய்த் திருப்பி மாட்டலாம், ஆனால் கதவைத்தான் சாத்த முடியும், கண்ணாடியைச் சாத்த முடியாது. நீலப் பக்கத்தில் தாழ்ந்த சுருதிகளைக் கேட்டேன். உயர்ந்தவற்றுக்கு, நேற்று சரியாக இருந்தது இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில் டிக் போட்டேன்.

புதன்கிழமைகளில் எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு மையம் உண்டு. மெஷினையும் ஹெட்போனையும் பையில் போட்டு நான்தான் பஸ்ஸில் எடுத்துப் போய் வருவேன். போன புதன் திரும்பி வரும்போது, கூட்டேரிப்பட்டில் பஸ் பிரேக் போட்டதில் மேலே வைத்திருந்த ஹெட்போன் பை கீழே விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஹெட்போனுக்கு உள்ளே வெங்காயத் தோல் போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அது அதிர்ந்துதான் ஒலி வருகிறது. அடிபட்டால் அது சில சமயம் முழுதாகச் செத்துப்போகாது. மெதுவான அதிர்வுகளை ஒழுங்காகக் காட்டும், வேகமானவற்றை விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதி வரும், உயர்ந்த சுருதி மங்கிவிடும். வியாழக்கிழமை காலை நான் கேட்டுப் பார்த்த தாழ்ந்த சுருதிகள் எல்லாம் வந்தன. டிக் போட்டேன்.

அன்றைக்கு இரண்டாவதாக வந்தவன் தென்னரசு. ஒலக்கூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து மூன்று வருடம் கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்தவனுக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டும் வேலை தகைந்திருந்தது. பிரஸ் மெஷினில் எச்சரிக்கை ஒலி வரும்போது கையை எடுக்காவிட்டால் கை போய்விடும். அதனால் இரண்டு காதும் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவனுக்கு வேலை.

கூட அவன் அம்மா அம்சா வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். விண்ணப்பத் தாளை நீட்டியபடி என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று பதில் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேள்வி அது இல்லை என்று தெரிந்துவிட்டது. அம்சா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு மேஜையைச் சுற்றி, வாசல் பக்கத்துச் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் உடம்பை ஒடுக்கி நுழைந்து, என் வலப்பக்கம் வந்து நின்றார். அதே கேள்வியை முன்னைவிடத் தாழ்ந்த குரலில் கேட்டார். மகனோடு தானும் உள்ளே போகலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்றேன்.

அந்த இடைவெளியில் யாரும் நுழைந்து நான் பார்த்ததில்லை.

தென்னரசு உள்ளே போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டான். தோளைப் பார்க்கிற ஆள் இல்லை. சோதனைக்கு இவனைப் போல ஓர் ஆள் கிடைப்பது அரிது. நான்தான் அவனைப் பார்க்கவில்லை. ஓரக்கண் முழுக்க அம்சா மேல் இருந்தது. அவர் அங்கிருந்து நகரவில்லை. சிவப்பில் எல்லாம் சரி. நீலத்தில் தாழ்ந்தவை சரி. நாலாயிரத்தில் விரல் எழவில்லை. கூட்டினேன், எழவில்லை. நாற்பத்தைந்தாம் படிக்குப் போன பிறகுதான் எழுந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தவன் என்னிடம் தயக்கத்தோடு சொன்னான்: "இந்தப் பக்கம் சத்தம் துணி போட்டு மூடிக்கினு வர்ற மாதிரி இருந்துச்சு மேடம்."

யாராவது இப்படிச் சொன்னால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஹெட்போனைத் திருப்பி மாட்டி மறுபடி பார்க்க வேண்டும். குறை காதோடு தங்கினால் அது காதின் குறை. நீலத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனால் ஹெட்போனின் குறை. இரண்டே நிமிடம்தான். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஆனால் திருப்பி மாட்டுவது என்று நினைத்ததுமே எனக்கு அன்புச்செல்வியின் குரல் காதில் ஒலித்தது. பக்கத்தில் அம்சா வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளில் நான் வரைந்த பள்ளம் எனக்கு நன்றாகப் பழகிய பள்ளம். என்னுடையதைப் போலவே இருந்ததால் அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

காதில் குறை இருந்தால் அப்படித்தான் கேட்கும் தம்பி என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தாளைப் பார்த்து, தகுதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிணற்று மோட்டார் நின்றால் வீட்டில் முதலில் கேட்பதே இவன்தான் என்று அம்சா சொல்லிப் பார்த்தார். மோட்டார் சத்தம் தாழ்ந்த சுருதி, அது கேட்கும், இது வேறு என்று நான் பொறுமையாக விளக்கினேன். விளக்கத்தின் ஒவ்வொரு சொல்லும் சரியானது. இருவரும் படியிறங்கிப் போனதும் எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவனுக்கு வேலை போனதைவிட அவன் அம்மா போனதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வாரத் தாள்களை ஃபைலில் கோக்க உட்கார்ந்தேன். வியாழனும் வெள்ளியும் வந்தவர்கள் ஆறு பேர், எல்லோரும் தகுதிச் சான்றுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு ஹெட்போன் சோதனை மட்டும்தான் செய்வோம். இரண்டு லாரி டிரைவர்கள், ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர், ஒரு வாட்ச்மேன், முகையூரிலிருந்து வந்த நர்ஸிங் மாணவி கவிதா, தென்னரசு. ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்தேன். மூன்றாவதை வைக்கும்போது கை நின்றது.

நீலக் கோடு எல்லாத் தாளிலும் நாலாயிரத்தில் இறங்கியிருந்தது.

காதுகள் முகங்களைப் போல. லாரி ஓட்டுபவரின் காது தேய்வது ஒரு மாதிரி, வயதானால் தேய்வது ஒரு மாதிரி, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தேயவே தேயாது. ஆறு பேருக்கும் ஒரே பக்கம், ஒரே இடத்தில் பள்ளம் விழாது. விழுந்திருக்கிறது என்றால் பள்ளம் காதில் இல்லை. ஏழாவது தாள் நான் கிழித்துப் போட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னுடையதும் ஹெட்போனின் குறைதானோ என்று மனசு துள்ளியது. உடனே அடங்கியது. என்னுடையதற்கு இரண்டு வயது, ஹெட்போன் விழுந்தது இந்தப் புதன்.

எழுந்துபோய் ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். நீலத்தை நல்ல காதில் வைத்து நாலாயிரத்தை அழுத்தினேன். மங்கலாக, துணிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. தென்னரசு சொன்ன சொல் அவ்வளவு பொருத்தம். பிறகு சிவப்பில் அழுத்தினேன். இடது காதில் சீற்றம் மட்டும் இருந்தது.

தென்னரசுக்குப் போன் செய்தேன். உடனே புறப்பட்டு வரச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்டதற்கு, மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அலமாரியில் பழைய ஹெட்போன் ஒன்று இருந்தது, அதை எடுத்துத் துடைத்தேன். திருப்பி மாட்டி இரண்டு பக்கமும் கேட்டேன். நன்றாக இருந்தது. அன்புச்செல்வி இரண்டு முறை அந்தப் பக்கம் போய் வந்தாள். நான் கழற்றவில்லை.

பிறகு ஒரு மணி வரைக்கும் அந்தப் பழுதான ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் வயர் ஒரு இடத்தில் நைந்திருந்தது. அங்கே இரண்டு முறை மடக்கி இழுத்தால் அறுந்துவிடும். இன்று காலை அறுந்தது என்று சொல்லிவிடலாம். தென்னரசுக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும், எனக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பழுது இன்றைக்குத்தான் வந்தது என்றால், வியாழனும் வெள்ளியும் எழுதிய மற்ற ஐந்து தாள்களும் உண்மையாகிவிடும். பழுது புதன்கிழமையே வந்தது என்றால் என் டிக் பொய்யாகிவிடும். இரண்டில் ஒன்றுதான் நிற்க முடியும். வயரை மடக்கினேன். நிமிர்த்தினேன். மறுபடி மடக்கினேன்.

ஒன்றே கால் மணிக்கு அவர்கள் வந்தார்கள். அம்சா நேராக அந்த இடைவெளியில் நுழைந்து என் வலப்பக்கம் வந்து நின்றார். தென்னரசு உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டான். நான் சிவப்பில் தொடங்கினேன்.

"எங்க கிரஷர்ல பேரு கேக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் கேப்பாங்க மேடம்," என்றார் அம்சா, கண்ணாடியைப் பார்த்தபடியே. "உனக்கு எந்தப் பக்கம்னு. கல்லு ஒடைக்கிற எடத்துல ஒரு பக்கம் போவாத ஆளு யாரு இருக்கறாங்க? நல்ல பக்கமா போயி நின்னுக்கினு பேச வேண்டியதுதான். எனக்கு வலது போயிடுச்சு. உங்களுக்கு லெஃப்ட்டா?"

என் விரல் பொத்தான் மேல் அப்படியே இருந்தது. எதற்காக இப்போது சொல்கிறார்? மகனின் தாள் என் கையில் இருக்கும்போது, தனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியப்படுத்துகிறாரா? அவர் குரலில் அப்படி எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நீலத்துக்கு மாறினேன். நாலாயிரம். முப்பதில் அழுத்தினேன், விரல் எழுந்தது. இருபது, எழுந்தது. பத்து, எழுந்தது. நான் தோளை அசைக்கவில்லை, அவன் கண்ணைத் திறக்கவில்லை. தாளில் நீலக் கோடு நேராக ஓடியது.

அன்புச்செல்வி சொல்லி டாக்டர் வந்துவிட்டார். கையில் வண்டிச் சாவி. புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹெட்போன் பழுது சார் என்றேன். நீலப் பக்கம். அவர் காலைச் சோதனை ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் நீலத்துக்கு நேரே என் டிக்.

"வியாழக்கிழமை நீங்க செக் பண்ணியிருக்கீங்களே," என்றார். "அப்போ நடுவுல விட்டு விட்டு வந்திருக்கணும். லூஸ் கனெக்ஷனா இருக்கும். செக் பண்ணும்போது நல்லா இருந்திருக்கும், இந்தப் பையனுக்குப் போட்டப்போ போயிருக்கும். அப்படித்தானே?"

நான் தேடிக்கொண்டிருந்த பொய்யை அவரே அழகாக மடித்து என் கையில் கொடுத்தார். என்னை அவ்வளவு நம்பினார். நான் தலையை ஆட்டினால் போதும். என் வலது கைப்பக்கம் அம்சா நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது. கிரஷரில் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதற்காக எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை.

"இல்ல சார்," என்றேன். "புதன்கிழமை பஸ்ல விழுந்ததுலயே போயிடுச்சு. காலையில எனக்குத் தெரியல. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

டாக்டர் சாவியை மேஜையில் வைத்தார்.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் சார்."

அவர் ரிஜிஸ்டரை மூடினார். மறுபடி திறந்தார். முகம் சிவந்துவிட்டது. முதலில் உட்கார்ந்து தென்னரசுக்குப் புதுச் சான்றிதழ் எழுதினார். பழையது எங்கள் கருவியின் பழுதால் தவறாகப் போனது என்று ஒரு வரி சேர்த்தார். அன்புச்செல்வி அதைக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, போன் செய்து வந்து சேர்ந்ததா என்றும் கேட்டாள். வந்துவிட்டது, திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்களாம். மணி இரண்டு இருபது. மற்ற ஐந்து பேரின் எண்களை நான் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள்.

நடுவில் ஒரு போன் எடுபடாமல் இருந்தபோது, அன்றைக்கு ஹெட்போனைப் பார்த்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். என்றைக்கு என்றாள். சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. டாக்டரும் எதையும் கவனித்திருக்கவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. முப்பது வருடமாகக் காது பார்க்கிறவன், பத்தடி தூரத்தில் இருக்கிற உங்களைப் பார்க்கவில்லையே என்றார். ஒன்றரை வருடம் சரியாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை, யாருமே பார்க்காத ஒரு பார்வைக்குப் பயந்து நான் விட்டிருக்கிறேன்.

அம்சா புறப்படும்போது என் வலப்பக்கமாகக் குனிந்தார்.

"இதுக்கா மேடம் இம்மாம் பேஜாரு? கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிட்டுப் போறது."

தென்னரசு எனக்கு நன்றி சொன்னான். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

அவர்கள் போன பிறகு டாக்டர் கிளம்பவில்லை. திங்கட்கிழமையிலிருந்து காலைச் சோதனையை அன்புச்செல்வி செய்வாள், கற்றுக்கொடுங்கள் என்றார். என் வேலையைப் பற்றிக் கேட்டேன். முதலில் உங்கள் காதின் தாள் வேண்டும், பிறகு பேசலாம் என்றார். கண்ணாடி அறையைக் காட்டி, உள்ளே போய் உட்காரச் சொன்னார்.

பதினாறு வருடத்தில் அந்த நாற்காலியில் சோதனைக்காக நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பழைய ஹெட்போனை அவரே மாட்டிவிட்டார், சிவப்பு வலது, நீலம் இடது. கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அப்பால் அவர் மெஷினுக்கு முன் உட்கார்ந்தார். அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தோள் நன்றாக ஏறி இறங்கியது. வலது காதில் ஒலிகள் வந்தன, தோளும் ஏறியது, இரண்டும் சேர்ந்தே நடந்தன. விரலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். பிறகு இடது. ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம்.

அடுத்தது நாலாயிரம் என்று எனக்குத் தெரியும். எந்த இடைவெளியில் வரும் என்றும் தெரியும். அந்தத் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஒரு புள்ளி தவறாமல் நேரான நீலக் கோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். தோள் லேசாக எழுவதற்குத் தயாரானது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

சீற்றம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. விரல் மடியிலேயே கிடந்தது. நான் அதைத் தூக்கவில்லை.